நேராக்கிய கண்

ஜமீலா,

சலாமும் துஆவும் சொல்லியாகிவிட்டதாக வைத்துக்கொள். நலம் விசாரிக்க ஆரம்பித்தேன் என்றால் மழை, அரிசி விலை, உங்கம்மாவின் முழங்கால் என்று நாலு பக்கம் சுற்றிவிட்டு, மற்றவை நேரில் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன். உனக்குக் கல்யாணமாகித் திருச்சிக்குப் போன நாளிலிருந்து நான் எழுதுகிற கடிதமெல்லாம் அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு அப்படி நழுவக் கூடாதென்று பகல் பதினொரு மணிக்கே கீழே கடைக்கதவைப் பூட்டிவிட்டு மாடி ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க்கடைக்காரர் பதறிப்போய், "யாருக்கு என்னாச்சு அண்ணே, இந்நேரத்துல பூட்டுறீக?" என்று கேட்டார். கடுதாசி எழுதணும் என்றேன். ஒரு கடுதாசிக்காகக் கடையைப் பூட்டுகிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது.

போன வாரம் மாப்பிள்ளை சரக்கு எடுக்க மதுரைக்கு வந்தவர் என்னையும் பார்த்துவிட்டுப் போனார். அது உனக்குத் தெரியும். அவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. டீயைக் குடித்துவிட்டு வெறும் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "மாமா, தப்பா நினைக்கக் கூடாது. பிள்ளைக்கு ரெண்டு வயசு முடியப்போகுது. இன்னும் தரையில விடமாட்டேங்கிறா. ரெண்டு எட்டு வச்சான்னா ஓடிப்போய்த் தூக்கி இடுப்புல வச்சுக்கிறா. கால் சூம்பிப் போயிரும்னு எங்கம்மா ஒரு பக்கம் சத்தம் போடுது. என்னான்னு கேட்டா, 'ஒரு தம்பிய கைய விட்டுட்டு நான் பட்டது போதும்'ங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா" என்றார். எல்லாம் சரியாப் போயிரும் மாப்ளே என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நீ மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி யூசுப், நீ கையை விட்டதால் சாகவில்லை. படியில் விழுந்ததால் சாகவில்லை. அவன் தலைக்குள் ஒரு கட்டி வளர்ந்தது. விழுவதற்கு எத்தனையோ மாதம் முந்தியே அது வளர ஆரம்பித்துவிட்டது. டாக்டர் இதை என்னிடம் விளக்கமாகச் சொன்னார். அப்போது உனக்கு ஒன்பது வயசு. நான் உன்னிடம் சொல்லவில்லை. உங்கம்மாவிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கடிதம். படித்துவிட்டு நீ என்னைக் காறித் துப்பினாலும் சரி, பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. கடைசியில் உனக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது.

என் தொழிலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாவம் அங்கேதான் தொடங்கியது. படம் எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் மதுரையில் இருந்தார்கள். ஆனால் டச்சிங்கில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணாடி பிளேட்டைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னால் வெளிச்சம் காட்டி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மூடுவேன். வேண்டாத இடத்தைக் கத்தி நுனியால் சுரண்டுவேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பது உனக்குத் தெரியும், பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும், சுரண்டின இடம் கறுக்கும். மாறுகண் இருந்தால் கருவிழியின் ஒரு பக்கம் பென்சில், மறுபக்கம் கத்தி. அவ்வளவுதான், கண் நேராகிவிடும். தெற்குவாசலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். படத்தைப் பார்த்துப் பரிசம் போட வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை நேரில் பார்த்துவிட்டு நேராக என் ஸ்டூடியோவுக்கு வந்து சண்டை போட்டார்கள். நீ சின்னப் பிள்ளை, திரைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

யூசுப்புக்கு ஐந்து வயசு நடந்துகொண்டிருந்த அந்த நோன்பு மாதம் ஞாபகமிருக்கிறதா? பெரியவர்கள் விடிவதற்கு முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் அவனும் எழுந்து உட்கார்ந்துகொள்வான். எனக்கும் நோன்பு, எனக்கும் சோறு என்று அடம் பிடிப்பான். விடிந்தால் வாந்தி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நினைத்தோம். யார்தான் நினைக்க மாட்டார்கள்? சஹருக்கு எழுப்புவதை நிறுத்தினோம். அப்புறமும் வாந்தி வந்தது. வெறும் வயிற்றில், படுக்கையை விட்டு எழுந்ததும், குமட்டல்கூட இல்லாமல் பீறிட்டுக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். எட்டு மணிக்கெல்லாம் ஒன்றும் நடக்காதது மாதிரி ஆப்பம் கேட்பான். ஓதுகிற பள்ளிக்குப் போகிற நேரத்துக்குத் தலைவலி, பள்ளி நேரம் தாண்டினால் ஆப்பம். இதுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாதா? நான் ஓதப் போகாமல் ஏமாற்றின ஆள்தானே. ஒருநாள் காதைத் திருகிக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை. "நெசமாத்தான் அத்தா வலிக்குது" என்று மட்டும் சொன்னான். ஐந்து வயசுப் பிள்ளை அழாமல் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்று தெரியாத மடையனாக இருந்திருக்கிறேன்.

நோன்புப் பெருநாள் அன்று தொழுகை முடிந்து உங்கள் இரண்டு பேரையும் மாடி ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்தேன். புதுச் சட்டையோடு ஒரு படம் எடுத்துக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் வைக்க ஆசை. அதைப் பார்த்துவிட்டு நாலு பேர் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள் என்று ஒரு கணக்கு. நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றான். நேரா நில்லு என்றேன். நேராக்கினான், மறுபடி சாய்த்தான். நீ செய்கிற மாதிரிச் செல்லம் கொஞ்சுகிறான் என்று எரிச்சல் வந்தது. அப்படியே ஒன்றை எடுத்துத் தொலைத்தேன், அது வீணான பிளேட். பிறகு உன்னை நகரச் சொல்லிவிட்டு, ஆள் ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் வைப்போமே அந்த இரும்புப் பிடி, அதைக் கொண்டுவந்து அவன் தலையை நேராக வைத்துத் திருகினேன். அவன் அலறினான்: "அத்தா, ரெண்டு ரெண்டாத் தெரியுது. ரெண்டு லாத்தா நிக்கிறாக!"

அக்காவை லாத்தா என்று கூப்பிடும் பிள்ளை உன்னைக் காட்டி இரண்டு லாத்தா என்கிறான். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "ஒரு லாத்தாவையே வீட்டுல சமாளிக்க முடியல, ரெண்டா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. "இல்ல அத்தா, நெசமாத்தான் சொல்றான். நாலு நாளா அப்படித்தான் சொல்றான். தலையச் சாச்சா ஒண்ணாத் தெரியுதாம்" என்றாய். ஒன்பது வயசில் நீ சொன்ன அந்த வாக்கியத்தை, நாலு மாதம் கழித்துப் பட்டணத்துப் பெரிய டாக்டர் என்னிடம் அப்படியே சொன்னார். தலைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணைத் திருப்புகிற நரம்பு சோர்ந்துபோகும், பார்ப்பது இரண்டாகத் தெரியும், பிள்ளைகள் அதற்குத் தோதாகத் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள் என்றார். அவன் தனக்குத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் இரும்பை வைத்து அதைத் திருகி நேராக்கினேன்.

தலை நேரானது, கண் நேராகவில்லை. பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோது இடது கருவிழி மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது. அந்த நிமிஷத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஊர்க் கண்ணையெல்லாம் நேராக்குகிறவன் தன் மகனை மாறுகண்ணோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. ஒரு பக்கம் பென்சில், மறுபக்கம் கத்தி. என் வாழ்நாளில் அதைப் போல ஒரு டச்சிங் நான் செய்ததில்லை. உங்கம்மா படத்துக்கு முத்தம் கொடுத்தாள். நீ மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி கண்ணு இப்படி இல்லையே அத்தா" என்றாய். "நல்லாருக்குல்ல?" என்று கேட்டு உன் வாயை அடைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் ஒரு படம் எடுத்தேன். அப்போது கண் இன்னும் அதிகமாக ஒதுங்கியிருந்தது. அதையும் நேராக்கினேன்.

அது முடிந்து பத்து நாள் இருக்கும். நடக்கும்போது அவன் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாட ஆரம்பித்திருந்தான். தெருவில் பையன்கள் கள்ளு குடிச்சிட்டான் என்று கேலி செய்தார்கள். நீதான் அவர்களோடு சண்டைக்குப் போனாய், நீதான் எங்கே போனாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். அன்றைக்கு மாடிப்படியில் அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாய். நான் மேலேயிருந்து, "ஏ ஜமீலா, அந்தக் கறுப்புத் துணிய எடுத்துட்டு ஓடியா" என்று கத்தினேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். திரும்பினாய். கையை விட்டாய். நாலு படி உருண்டான். நெற்றியில் ஒரு புடைப்பு, அதுகூடப் பெரிதில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் உன் பெரியம்மா வந்து, "இந்தப் பிசாசு கைய விட்டதுல பிள்ள தலை போச்சே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். நான் கூப்பிட்டதை நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தெருமுனை டிஸ்பென்சரி டாக்டர் நல்ல மனுஷர். எல்லாம் கேட்டார். மாறுகண் எப்போதிருந்து என்று கேட்டார். விழுந்த பிறகுதான் தெரியுது என்றேன். சந்தேகப்பட்டு, முந்தி எடுத்த படம் இருக்குமே, நீங்க படக்காரர் ஆச்சே, கொண்டுவாங்க என்றார். கொண்டுபோனேன் ஜமீலா! இரண்டு பெருநாள் படத்தையும் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் நேராத்தானே இருக்கு. அப்ப இது அடிபட்டதுல வந்ததுதான். ஒரு மாசம் ஆடாம அசையாமப் படுக்க வைங்க" என்றார். இது டச்சிங் செய்த படம் என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. என் வேலையைக் கண்டுபிடிக்க முடியாமல் படித்த ஒருத்தர் ஏமாந்தார் என்பதில், அந்த நேரத்தில்கூட, உள்ளே ஒரு ஓரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு மாதம் அவன் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தான். அந்த ஒரு மாதத்தில் அவன் பார்வை மங்கிப்போனது.

கிண்ணத்தைத் தடவித் தடவி எடுக்கிறான் என்று உங்கம்மாதான் கண்டுபிடித்தாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கண் டாக்டர் சின்ன விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணுக்குள் நரம்பு வீங்கியிருக்கிறது, உடனே பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினோம். அங்கே விட்டது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போதுதான் தெரிகிறது.

பட்டணத்தில் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நெகட்டிவ் படிப்பது என் பிழைப்பு. அவர் விரலை வைப்பதற்கு முன்னாலேயே, மண்டை எலும்புகள் ஒன்றோடு ஒன்று சேருகிற கோடுகள் விலகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். எந்தப் பென்சிலும் போய்ச் சேர முடியாத படம் அது. "உள்ளே அழுத்தம் ஏறி ஏறி எலும்பே விலகியிருக்கு. இது பல மாசத்து வேலை. பின்மூளையில் கட்டி. இவனுக்கு எப்போதிருந்து வாந்தி? உண்மையைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். வாந்தி, அறைந்தது, இரும்புப் பிடி, இரண்டு லாத்தா, படம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. படியில் விழுந்ததைப் பற்றிக் கேட்டேன். "விழுந்ததால இது வரலை. இது வந்ததாலதான் விழுந்தான்" என்றார். முந்தியே கொண்டுவந்திருந்தால் என்று இழுத்தேன். "கட்டியை எடுக்கிற வசதி இன்னிக்கும் நம்மகிட்ட இல்லை. உயிரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாலு மாசத்துக்கு முன்னாடின்னா அழுத்தத்தைக் குறைச்சுக் கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். பிறகு மண்டையில் சின்ன ஜன்னல் மாதிரி எலும்பை எடுத்தார்கள். தலைவலி குறைந்தது. பார்வை திரும்பவில்லை.

வெளியே வராந்தாவில் உங்கம்மா காத்திருந்தாள். என்னவாம் என்று கேட்டாள். "தலைக்குள்ள கட்டியாம்" என்றேன். அவள், "அடிபட்ட ரத்தம் உள்ள கட்டிருச்சாக்கும்?" என்று கேட்டாள். கட்டி என்று நான் சொன்னது அவள் காதில் ரத்தக்கட்டு என்று விழுந்தது. ஒரே ஒரு சொல். இல்லை புள்ள, ரத்தக்கட்டு இல்லை, இது வேறே கட்டி, விழுவதற்கு முந்தியே வந்தது என்று நான் சொல்லியிருந்தால், முந்தியே வந்ததென்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று அவள் கேட்டிருப்பாள். கேட்டால் படம் வரும், பென்சில் வரும், கத்தி வரும். நான், "ம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த "ம்" ரயிலேறி மதுரைக்கு வந்தது, பெரியம்மா வீட்டுக்குப் போனது, உன் தலையில் போய் உட்கார்ந்தது. ஊர் முகத்தையெல்லாம் திருத்தினவன் அந்த ஒரு சொல்லைத் திருத்தவில்லை.

அப்புறம் அவன் ஏழு மாதம் இருந்தான். அவனை ஸ்டூடியோவிலேயே படுக்க வைத்திருந்தேன், நான் வேலை செய்யும்போது பேச்சுத் துணைக்கு ஆகும் என்று. அடிக்கடி கேட்பான்: "அத்தா, டார்க் ரூம் கதவ எப்பத் திறப்பீக?" தான் டார்க் ரூமுக்குள் இருப்பதாகவே அவன் நினைத்திருந்தான். கழுவி முடிந்ததும் திறப்பேன் என்று எப்போதோ சொல்லிவைத்திருந்தேன் அல்லவா, அதை நம்பிக்கொண்டு கிடந்தான். இன்னும் கொஞ்சம் இருக்குப்பா என்பேன். நீ படிக்கட்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பாய். லாத்தா எங்கே என்று கேட்பான். நான் கூப்பிட்டாலும் மேலே வரமாட்டாய். தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் மேலும் கீழும் ஏறி இறங்கினேன். அடுத்த நோன்பு பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் நீ என் டச்சிங் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். "அத்தா, நான் கைய விடாம இருந்தா தம்பி இருந்திருப்பானா?" என்று கேட்டாய். இல்லை என்று ஒரு சொல் போதும். உனக்கு அது தெரிய வேண்டும் என்று இரண்டு வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பாய். நான் பென்சிலை வைக்காமல், "அல்லா நாடினது நடந்துச்சு. போ, போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு" என்றேன். படைத்தவனை எனக்கு முன்னால் திரையாகத் தொங்கவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். மற்றதற்கெல்லாம் எனக்குத் தெரியாமல் போச்சு என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு ஒரு சாக்கும் கிடையாது. என் பேர் கெடாமல் இருக்க, பதினோரு வயசுப் பிள்ளையின் முதுகில் தம்பி மௌத்தான பழியை ஏற்றி வைத்தேன்.

இப்போது எனக்குக் கண்ணில் புரை. பென்சில் பிடித்தால் கை ஆடுகிறது, டச்சிங் எல்லாம் விட்டாகிவிட்டது. நாலு மாதமாக விளக்கைப் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறது. எனக்கு டீ கொண்டுவந்த உங்கம்மா இரண்டு பேராக வந்தாள். ரெண்டு ரெண்டாகத் தெரிந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வந்துபோன மறுநாள் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "நானும் அந்தப் புள்ளைய எம்புட்டு பேசிட்டேன்" என்றாள். பிறகு, "மொதல்ல அவளுக்கு எழுதுங்க. எங்கிட்ட அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போனாள். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. தட்டை வைத்துவிட்டுப் போகிறாள், பேச்சில்லை. எனக்கு வேண்டியதுதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நீ ஒரு பிள்ளைக்குத் தாய், தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு "ம்" ஆகிவிடும். பிள்ளைகள் வாந்தி எடுக்கும், விழும், முட்டிக்கொள்ளும். அதற்கெல்லாம் பயந்து நடுங்காதே. விடிந்ததும் வெறும் வயிற்றில் நாள் தவறாமல் வாந்தி வந்தால், தலைவலிக்குது என்று விளையாட்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடினால், தலை ஒரு பக்கமே சாய்ந்தால், கண் ஒதுங்கினால், அப்போது யாரையும் கேட்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. போனால் உள்ளதை உள்ளபடி சொல். அடித்திருந்தால் அடித்ததையும் சொல். உனக்கு வெட்கமாக இருக்கிறதே, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிள்ளை ஒன்று சொல்லி, பக்கத்தில் நிற்கிற இன்னொரு பிள்ளை அதையே சொன்னால், சிரிக்காதே.

இந்தக் கடிதத்தோடு கறுப்புக் காகிதத்தில் சுற்றி ஒரு படம் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருக்கிற பெருநாள் படம் நான் நேராக்கினது. அந்த பிளேட்டில் பென்சிலைத் துடைத்து எடுத்துவிடலாம், கத்தியால் சுரண்டினதைத் திரும்ப வைக்க முடியாது, அதனால் அதில் அவன் கண் போனது போனதுதான். இது அன்றைக்கே முதலில் எடுத்த பிளேட். அவன் தலையைச் சாய்த்துவிட்டான் என்று எரிச்சலில் வீண் என்று எழுதிப் பெட்டிக்கு அடியில் போட்டது. மூன்று நாள் தேடி எடுத்தேன். ஒரு பொட்டு டச்சிங்கூட இல்லாமல் போட்டிருக்கிறேன். பார். தலை இடது தோள்பக்கம் சாய்ந்திருக்கிறது. இடது கண் மூக்கைப் பார்க்கிறது. விழாமல் நிற்கக் காலை அகட்டி வைத்திருக்கிறான். பிளேட்டின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே நோன்புப் பெருநாள் என்று இருக்கிறது. படியில் விழுந்தது அதற்கு இரண்டரை மாதம் கழித்து. அவன் கை எங்கே இருக்கிறது என்று பார். உன் கைக்குள் இருக்கிறது. விரல் வெளுக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறாய். நீ அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோதே அது வந்துவிட்டது தாயி.

இதைப் படிக்கும்போதும் என் பேரன் உன் இடுப்பில்தான் இருப்பான். படித்து முடித்ததும் அவனைக் கீழே இறக்கி விடு. விழுந்தால் எழுந்துகொள்வான்.

அத்தா